பிரவுன்ஸ் 1999–2017: டிராஃப்டில் எடுத்த ஆள் சரியில்லையா, ஆள் போய்ச் சேர்ந்த இடம் சரியில்லையா?

#1 ஏரிக்கரையான்

நம் அமெரிக்கன் ஃபுட்பால் அணி கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ், 1999-ல் என்எஃப்எல் லீக்குக்குப் புதிய அணியாகத் திரும்பி வந்ததிலிருந்து 2017 வரை 19 சீசன். பிளேஆஃப் (வழக்கமான ஆட்டங்கள் முடிந்து நடக்கும் நாக்-அவுட் சுற்று) பார்த்தது ஒரே தடவை, 2002-ல். அதிலும் பிட்ஸ்பர்க்கிடம் 24–7 என்று முன்னால் இருந்து, 36–33-ல் தோற்றார்கள். 2008 முதல் 2013 வரை ஆறு வருடமும் 4 அல்லது 5 வெற்றிதான். கடைசியில் 2016-ல் 1–15, 2017-ல் 0–16.

ஓனர் சரியில்லை, கோச் சரியில்லை, அதிர்ஷ்டம் இல்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். என் கட்சி இதுதான்: ஆள் பார்க்கத் தெரியவில்லை. டிராஃப்ட் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) பட்டியலைத் திறந்து, நம் பெயருக்குக் கீழே யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

2001-ல் 3ஆவது பிக்கில் (தேர்வு வரிசையில் மூன்றாவது வாய்ப்பில்) ஜெரார்டு வாரன். 5-ல் லடேனியன் டாம்லின்சன், 6-ல் ரிச்சர்ட் சீமோர். 2006-ல் பால்டிமோருடன் இடம் மாற்றிக்கொண்டு 12-லிருந்து 13-க்கு இறங்கி காமெரியன் விம்ப்ளி. நாம் விட்டுக்கொடுத்த 12-ல் அவர்கள் எடுத்தது ஹலோட்டி நாட்டாவை. நமக்குக் கிடைத்தது ஒரு ஆறாம் சுற்று பிக். 2009-ல் 52-ல் டேவிட் வெய்குனே, 53-ல் லெஷான் மெக்காய். 2014-ல் 8-ல் ஜஸ்டின் கில்பர்ட். 12-ல் ஓடெல் பெக்கம், 13-ல் ஆரன் டொனால்ட்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 2011 முதல் 2016 வரை முதல் சுற்றில் எடுத்தவர்கள் ஒன்பது பேர்: டெய்லர், ரிச்சர்ட்சன், வீடன், மிங்கோ, கில்பர்ட், மான்செல், ஷெல்டன், எர்விங், கோல்மன். இவர்களில் ஒருவர்கூட கிளீவ்லாண்டில் இரண்டாவது ஒப்பந்தம் போடவில்லை. ஆறு வருடத்து முதல் சுற்று மொத்தமும் காலி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

#2 டேப்_பார்ப்பவர்

நண்பரே, பெயருக்குக் கீழே இருக்கும் பெயரை மட்டும் பார்த்தால் 32 அணிக்கும் இப்படி ஒரு பட்டியல் போடலாம். 199-ல் போய்ப் பின்னாளில் ஜாம்பவான் ஆன டாம் பிரேடியை ஒவ்வொரு அணியும் பலமுறை தாண்டிப் போயிருக்கிறது. ஆறாவது சுற்றில் நாமும் 183-ல் ஸ்பெர்கன் வின் என்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) எடுத்தவர்கள்தான். அதனால் நம் ஸ்கவுட்டுகளுக்கு மட்டும் கண் தெரியவில்லை என்று ஆகிவிடாது.

முதல் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் முதல் பிக் டிம் கவுச். முதல் வருடம் அவரை உட்கார வைத்து, டை டெட்மரை ஆட வைப்பதுதான் திட்டம். செப்டம்பர் 12-ல் முதல் ஆட்டம், பிட்ஸ்பர்க்கிடம் 43–0. அவ்வளவுதான், திட்டம் போச்சு. இரண்டாவது வாரமே கவுச் களத்தில். அந்த சீசனில் அவர் வாங்கிய சாக் (வீசுவதற்கு முன்பே எதிரணியிடம் சிக்கி விழுவது) 56, லீக்கிலேயே அதிகம்.

ஏன் 56? குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன் என்று ஒன்று இருந்தால்தானே. ஓனர் லெர்னருக்கு அணியைக் கொடுத்தது 1998 செப்டம்பரில். சரியாக ஒரு வருடத்தில் அணி ஆடியாக வேண்டும். கரோலினாவுக்கும் ஜாக்சன்வில்லுக்கும் 1993 இறுதியில் கொடுத்தார்கள், அவர்கள் ஆடத் தொடங்கியது 1995-ல். அந்த இரண்டு அணியும் இரண்டாவது சீசனிலேயே கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போயின. நமக்கு எக்ஸ்பான்ஷன் டிராஃப்டில் கிடைத்தது மற்ற அணிகள் வேண்டாம் என்று வெளியே வைத்த 37 பேர். இருந்த டாக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்பவர்) ஆர்லாண்டோ பிரவுனுக்கும் டிசம்பரில் ரெஃப்ரி வீசிய கொடி கண்ணில் பட்டு, மூன்று சீசன் போயிற்று.

அதே டிராஃப்டில் 2-ல் பிலடெல்பியா எடுத்த குவார்ட்டர்பேக் மெக்நாப் நவம்பர் நடுவில்தான் முதல் ஸ்டார்ட் செய்தார். அவருடைய இடது பக்கத்தில் முந்தைய வருடமே முதல் சுற்றில் எடுத்த ட்ரா தாமஸ் இருந்தார். கோச் ஆண்டி ரீட் 14 வருடம் அங்கேயே இருந்தார். கவுச், மெக்நாப் இரண்டு பேரையும் இடம் மாற்றிப் போட்டு யோசித்துப் பாருங்கள்.

#3 புதுசு_32

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். சமீபத்தில்தான் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தேன். டிராஃப்டில் கடைசியாக வந்த அணிக்குத்தானே முதல் வாய்ப்பு? வருடா வருடம் நல்ல ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தால் அணி தானாக மேலே வந்திருக்க வேண்டாமா? பிக்கை விற்கிறார்கள், வாங்குகிறார்கள் என்கிறீர்களே, அதற்கு விலை எப்படி வைக்கிறார்கள்?

#4 பிக்_கணக்கு

@புதுசு_32 நல்ல கேள்வி. மொத்தம் ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மோசமான அணி முதலில், சாம்பியன் கடைசியில். எடுத்த ஆளுக்கு நான்கு வருட ஒப்பந்தம். முதல் சுற்று ஆள் என்றால் ஐந்தாவது வருடத்தையும் அணி விரும்பினால் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு அவரை வைத்துக்கொள்ள புது ஒப்பந்தம் போட வேண்டும். ஏரிக்கரையான் சொன்ன "இரண்டாவது ஒப்பந்தம்" அதுதான்.

விலைக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் கோச்சாக இருந்தபோது டல்லாஸ் கௌபாய்ஸ் உருவாக்கியது. 1ஆவது பிக் 3000 புள்ளி, 2ஆவது 2600, 6ஆவது 1600, 7ஆவது 1500, 22ஆவது 780, 37ஆவது 530 என்று போகும். பழைய பட்டியல், மேலே இருக்கும் பிக்குகளுக்கு அதிகமாகவே மதிப்புப் போடுகிறது. ஆனாலும் பேரம் பேசும்போது இரு பக்கமும் அதைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

இதை வைத்து 2004-ஐப் பாருங்கள். நம்மிடம் 7 இருந்தது. டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) கெலன் வின்ஸ்லோவை எடுக்க டெட்ராய்டின் 6 வேண்டும் என்று அதற்கு மேல் 37-ஐயும் கொடுத்தார்கள். 6-க்கும் 7-க்கும் வித்தியாசம் 100 புள்ளி. கொடுத்தது 530. டெட்ராய்டு 7-ல் எடுத்தது ராய் வில்லியம்ஸ் என்ற ரிசீவரை (பாஸ் பிடிப்பவர்). ஒரு படி ஏற ஐந்து மடங்கு விலை.

2007-ல் குவார்ட்டர்பேக் பிராடி குவின். டல்லாஸின் 22-க்கு (780) நாம் கொடுத்தது 36 (540), கூடவே 2008-ன் முதல் சுற்று. அடுத்த வருடத்து பிக்கை ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது வழக்கம்தான், ஆனால் அது கடைசியில் 22ஆவது பிக்காகவே அமைந்தது. மொத்தம் 1320 கொடுத்து 780 வாங்கியிருக்கிறார்கள்.

ஆக, என் பக்கம் மூன்றாவது பக்கம். ஆள் பார்ப்பதற்கு முன்னாலேயே பேரத்தில் தோற்றார்கள்.

#5 ஏரிக்கரையான்

கணக்கு சார், 2004, 2007 இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பட்டியலை வைத்தே 2011-ஐயும் 2014-ஐயும் கூட்டிப் பாருங்களேன்.

2011: ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸை எடுக்க விரும்பிய அட்லாண்டாவுக்கு நம்முடைய 6-ஐக் கொடுத்தோம். வந்தது 27, 59, 124, அதோடு 2012-ன் முதல் சுற்று, நான்காம் சுற்று. பட்டியல்படி 1600 கொடுத்து அதைவிட அதிகமாகவே வாங்கினார்கள். பேரத்தில் வெற்றி. பிறகு?

27-ஐயும் 70-ஐயும் கேன்சஸ் சிட்டிக்குக் கொடுத்து 21-க்கு ஏறி ஃபில் டெய்லர். அந்த 70-ல் கேன்சஸ் சிட்டி எடுத்தது ஜஸ்டின் ஹூஸ்டனை. 2014-ல் 22 சாக் எடுத்தவர். 59-ல் கிரெக் லிட்டில், 124-ல் ஓவன் மாரெசிக். 2012-ல் வந்த 22-ல் பிராண்டன் வீடன், 28 வயதில். பேஸ்பால் ஆடிவிட்டு வந்த குவார்ட்டர்பேக். அதே டிராஃப்டில் குவார்ட்டர்பேக் ரசல் வில்சன் 75-ல் போனார்.

2014: 4-ஐ பஃபலோவுக்குக் கொடுத்து 9, அடுத்த வருடத்து முதல் சுற்று, நான்காம் சுற்று. 1800-க்கு பதில் 1350, மேலே இன்னொரு முதல் சுற்று. மறுபடியும் பேரத்தில் வெற்றி. அந்த 9-லிருந்து 8-க்கு ஏறி கில்பர்ட். 2015-ல் வந்த 19-ல் கேமரன் எர்விங்.

கடைக்காரன் சில்லறையைச் சரியாகக் கொடுத்தும் அதை வைத்து வாங்கத் தெரியவில்லை என்றால், குறை யாரிடம்?

#6 டேப்_பார்ப்பவர்

குறை, வாங்கியவர்களை யார் கையில் கொடுத்தார்கள் என்பதில்.

2011-ல் டிஃபென்ஸ் கோச் டிக் ஜாரான் டிஃபென்ஸை 4-3-க்கு (முன்வரிசையில் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்) மாற்றினார். அதற்காகத்தான் நடுவில் ஃபில் டெய்லர், 37-ல் எண்டாக (முன்வரிசையின் ஓரத்தில்) ஜபால் ஷியர்ட். ஷியர்ட் கையைத் தரையில் ஊன்றி, டாக்கிளின் வெளித்தோளைக் குறிவைத்துப் பாயும் ஆள். முதல் வருடமே 8.5 சாக், அடுத்த வருடம் 7. 2013-ல் ரே ஹார்ட்டன் வந்து 3-4 (முன்னால் மூன்று, பின்னால் நான்கு). அதே ஷியர்ட் இப்போது நின்றுகொண்டு ஆரம்பிக்கும் வெளி லைன்பேக்கர். சில பிளேக்களில் பின்னால் ஓடி பாஸையும் காக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் நியூ இங்கிலாந்துக்குப் போய்விட்டார். டெய்லர் நட்டநடுவில் நின்று இரட்டை ஆளைத் தாங்கும் நோஸ் டாக்கிளாக ஆக வேண்டியிருந்தது. முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

வெய்குனே பெயரைச் சொன்னீர்களே, ஹவாயில் அவர் எண்ட். இங்கே வந்ததும் உள் லைன்பேக்கராக நிறுத்தினார்கள். எண்டுக்குப் பார்க்க வேண்டியது தன் முன்னால் நிற்கும் டாக்கிள் ஒருவரை. உள் லைன்பேக்கருக்கு எதிரணியின் கார்டு, சென்டர் (லைனின் உள்பக்கம் நிற்பவர்கள்), பேக் (பந்தோடு ஓடுபவர்) மூன்றையும் படித்து, ஒரு நொடிக்குள் எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஒரே கோடையில் பழகும் வேலை இல்லை அது. ஒரே சீசனில் ஆள் வெளியே.

வீடனும் அப்படித்தான். ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஷாட்கன்னில் தள்ளி நின்று, அகலமாக விரித்த நான்கு ரிசீவருக்கு வீசியவர். கோச் பாட் ஷர்மர் அவரை சென்டரை ஒட்டிப் பின்னால் நிறுத்தி, மூன்று ஐந்து அடி பின்வாங்கி, நேரம் பார்த்துக் குறுக்கே வீசச் சொன்னார். முதல் ஆட்டம் பிலடெல்பியாவுக்கு எதிராக, வீசிய 35-ல் 12தான் சேர்ந்தது, நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்). ஆட்டம் 17–16-ல்தான் போயிற்று, டிஃபென்ஸ் அவ்வளவு தாங்கியது.

1999 முதல் 2017 வரை முழுநேர ஹெட் கோச் எட்டு பேர்: பாமர், டேவிஸ், கிரெனெல், மாஞ்சினி, ஷர்மர், சட்ஸின்ஸ்கி, பெட்டின், ஜாக்சன். பிட்ஸ்பர்க்கில் அதே காலத்தில் இரண்டு பேர், கௌவர், டாம்லின். நாற்று நட்டவன் ஒருவன், அறுக்க வந்தவன் வேறொருவன். இதில் விதையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

#7 டாக்பவுண்டு_பக்கம்

எல்லாரும் 2011, 2014-னு பேசிட்டிருக்கீங்க. ஒருத்தரும் 2016-க்கு வர மாட்டேங்கிறீங்களே! தெரிஞ்சே அணியைக் கலைச்ச வருஷம் அது.

அதே மார்ச்சில் மிட்செல் ஷ்வார்ட்ஸ் கேன்சஸ் சிட்டிக்கு, அலெக்ஸ் மேக் அட்லாண்டாவுக்கு, டஷான் கிப்சன் ஜாக்சன்வில்லுக்கு, டிராவிஸ் பெஞ்சமின் சான் டியாகோவுக்கு. ஒரே வாரத்துல நாலு பேரு. மேக் போன சீசனிலேயே அட்லாண்டா சூப்பர் பவுல் (லீக் இறுதிப்போட்டி) ஆடுச்சு. ஷ்வார்ட்ஸ் பின்னாடி சூப்பர் பவுலே ஜெயிச்சாரு. இவங்க ரெண்டு பேரும் நாம டிராஃப்ட்ல எடுத்து, நாம வளர்த்த லைன்மேன். ஏரிக்கரையான் அண்ணே, இதுக்கு ஸ்கவுட் என்ன பண்ணுவான்? அவன் சரியாத்தான் எடுத்துக் கொடுத்தான், மேல இருந்தவங்க வெளிய அனுப்பினாங்க.

அந்த வருஷம் நம்ம குவார்ட்டர்பேக்குங்க வாங்கின சாக் 66. இடது டாக்கிள் ஜோ தாமஸ் ஒரு பக்கம் ஒத்தையா நின்னாரு. 2007-லிருந்து ஒரு ஸ்னாப் (பந்து கைமாறி ஒரு பிளே தொடங்குறது) விடாம 10,363 ஸ்னாப் ஆடின மனுஷன், 2017 அக்டோபர்ல கை தசை கிழிஞ்சு உக்காந்தாரு. அவர் வாழ்க்கையில ஒரு பிளேஆஃப் ஆட்டம் கூட கொடுக்கல இந்த அணி. அதை நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

#8 பிக்_கணக்கு

@டாக்பவுண்டு_பக்கம் தலைவா, வலி புரிகிறது. ஆனால் அப்போது தேர்வுகளை நடத்திய சாஷி பிரவுன் செய்ததை முழுசாக வைத்துப் பேசுவோம்.

2016-ல் 2ஆவது பிக் (2600), கூடவே அடுத்த வருடத்து ஒரு நான்காம் சுற்று பிலடெல்பியாவுக்கு. வந்தது 8 (1400), 77 (205), 100 (100), 2017-ன் முதல் சுற்று (12 ஆனது, 1200), 2018-ன் இரண்டாம் சுற்று (64 ஆனது, 270). கூட்டினால் 3175. எதிர்கால பிக்கைத் தள்ளுபடி செய்தாலும் நஷ்டம் இல்லை. அந்த 12-ஐ 2017-ல் ஹூஸ்டனுக்குக் கொடுத்து 25-ம், 2018-ன் முதல் சுற்றும். அது 4ஆவது பிக் ஆனது. அதில் வந்தவர் டென்சல் வார்ட்.

அடுத்து 2017 மார்ச். ஹூஸ்டனின் குவார்ட்டர்பேக் பிராக் ஆஸ்வைலர், அந்த வருடச் சம்பளம் 1.6 கோடி டாலர். அவரை நாம் ஏற்றுக்கொண்டதற்குக் கூலியாக 2018-ன் இரண்டாம் சுற்று பிக். அது 35. அதில் நிக் சப். சம்பள உச்சவரம்பில் காலியாக இருந்த இடத்தைப் பணமாக்கி ஒரு ரன்னிங் பேக்கை வாங்கியிருக்கிறார்கள். அதற்கு முன் இந்த லீக்கில் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

2020-ல் 11–5, பிட்ஸ்பர்க்கிலேயே போய் 48–37 என்று பிளேஆஃப் வெற்றி. காரெட், வார்ட், சப், மேஃபீல்ட், எல்லாம் அந்த இரண்டு மோசமான வருடத்தின் விளைச்சல். சாஷியை 2017 டிசம்பர் 7-ல் அனுப்பிவிட்டார்கள், அவர் சேர்த்ததை அடுத்து வந்த டோர்சி செலவழித்தார்.

#9 டாக்பவுண்டு_பக்கம்

சேர்த்ததைச் சொல்றீங்க. அதைச் சேர்க்க விட்டதைச் சொல்லலையே? 2-ஐ வித்தப்ப கார்சன் வென்ட்ஸ் போனாரு. 12-ஐ வித்தப்ப டெஷான் வாட்சன் போனாரு. ரெண்டு வருஷமும் குவார்ட்டர்பேக் இல்லாத அணி, ரெண்டு வருஷமும் குவார்ட்டர்பேக் பிக்கை வித்திருக்கு! பதிலுக்கு 93-ல கோடி கெஸ்லர், 52-ல டெஷான் கைசர். கைசர் அந்த வருஷம் 15 ஸ்டார்ட், 15 தோல்வி, 22 இன்டர்செப்ஷன். 21 வயசுப் பையன். பின்னாடி அவன் எங்க எழுந்திருச்சான்? ஒரே வருஷத்துல கிரீன் பேக்கு அனுப்பிட்டாங்க.

8-லிருந்து 15-க்கு இறங்கி எடுத்த கோரி கோல்மன்? ரெண்டு சீசனும் கை உடைஞ்சுது, 2018 ஆகஸ்ட்ல பஃபலோவுக்கு. அப்போ நீங்க சொன்ன 3175 புள்ளியில எத்தனை புள்ளி களத்துல ஓடுச்சு?

வெற்றி இல்லாம இருக்கறதுக்கும் ஒரு விலை இருக்கு. 2016 டிசம்பர் 24-ல சான் டியாகோவை 20–17. அடுத்த வெற்றி 2018 செப்டம்பர் 20-ல ஜெட்ஸுக்கு எதிரா 21–17. நடுவுல 635 நாள். அந்த லாக்கர் ரூம்ல வளர்ந்த பையனுக்கு எந்தப் பட்டியல்ல புள்ளி போடுவீங்க?

#10 பிக்_கணக்கு

கோல்மன், கைசர் இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை, அவை தவறான தேர்வுகள். ஆனால் அதுதானே என் வாதமே? எந்த அணியும் ஆளைக் கணிப்பதில் பெரிய அளவில் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் கிடையாது. கேட் மாசி, ரிச்சர்ட் தாலர் செய்த ஆய்வும் அதைத்தான் சொன்னது: உச்சியில் இருக்கும் பிக்குகளுக்கு அணிகள் கொடுக்கும் விலை, கிடைக்கும் ஆட்டத்தோடு பொருந்தவில்லை. கணிப்பு நிச்சயமில்லை என்றால் ஒரே வழி, அதிக முறை முயல்வதுதான். 2016-ல் 14 பேரை எடுத்தது அதற்குத்தான்.

புது ஆட்களின் சம்பளத்தைக் குறைத்து 2011-ல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்கு முன் இது இன்னும் மோசம். 2010-ல் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதித்தொகை மட்டும் 5 கோடி டாலர். 2011-ல் கேம் நியூட்டனுக்கு மொத்தமே 2.2 கோடி. அதாவது கவுச், கோர்ட்னி பிரவுன், வாரன், வின்ஸ்லோ, பிரெய்லான் எட்வர்ட்ஸ் காலத்தில் மேல் பிக்கில் தவறினால் ஆளும் போச்சு, சம்பளக் கணக்கில் பல வருடமும் போச்சு. 1999-லிருந்து 2005-க்குள் நாம் முதல் ஆறு இடத்தில் ஐந்து முறை எடுத்தோம். அந்த ஐந்து ஒப்பந்தமும் அடுத்தடுத்து தலையில் ஏறின.

#11 ஏரிக்கரையான்

வின்ஸ்லோவைச் சொன்னதால் அங்கேயே நிற்கிறேன். டேப் நண்பர் இடத்தைக் குறை சொல்கிறார், கணக்கு சார் விலையைக் குறை சொல்கிறார். 2004-ல் இரண்டுமே இரண்டாம் பட்சம். பென் ராத்லிஸ்பெர்கர் ஒஹையோவில் ஃபின்ட்லேக்காரர், மயாமி ஆஃப் ஒஹையோவில் ஆடியவர். நம் வாசலில் வளர்ந்த ஆள். நாம் 6-ல் டைட் எண்டை எடுத்தோம். அவர் 11-ல் பிட்ஸ்பர்க்குக்குப் போனார். அடுத்த 18 சீசன் வருடத்துக்கு இரண்டு முறை நம்மையே அடித்தார்.

வின்ஸ்லோ? இரண்டாவது வாரம் டல்லாஸுக்கு எதிராகக் கால் எலும்பு முறிந்து சீசன் முடிந்தது. 2005 மே மாதம் மோட்டார் சைக்கிள் விபத்து, அந்த சீசனும் இல்லை. ஆட வந்தது 2006-ல். 89 கேட்ச், நல்ல ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் குவார்ட்டர்பேக் இல்லாத அணிக்கு 6-ல் டைட் எண்ட் எதற்கு?

#12 டேப்_பார்ப்பவர்

எதற்கு என்றால், அந்த மார்ச்சிலேயே ஜெஃப் கார்சியாவை ஒப்பந்தம் செய்துவிட்டார்கள். கோச் புட்ச் டேவிஸ்தான் தேர்விலும் கடைசி வார்த்தை. வின்ஸ்லோவை ஃப்ளோரிடாவின் மயாமி பல்கலைக்கழகத்துக்குச் சேர்த்தவரே அவர்தான். அந்த வருடம் ஜெயித்தாக வேண்டிய கோச், மூத்த குவார்ட்டர்பேக்கை வாங்கி, அவருக்கு ஒரு ரிசீவரைச் சேர்த்தார். நவம்பர் முடிவதற்குள் டேவிஸ் போய்விட்டார். சீசன் முடிந்ததும் கார்சியாவும் போய்விட்டார்.

ஆள் பார்க்கத் தெரியாமல் ராத்லிஸ்பெர்கரை விடவில்லை. அடுத்த வருடம் தான் இருப்போமா என்று தெரியாதவர் முடிவெடுத்ததால் விட்டார்கள். 2012-ம் அதேதான். ஏப்ரலில் ஜெனரல் மேனேஜர் ஹெக்கர்ட், ரன்னிங் பேக் ரிச்சர்ட்சனையும் வீடனையும் எடுத்தார். அக்டோபரில் அணி புது ஓனர் ஹாஸ்லம் கைக்குப் போனது. டிசம்பர் 31-ல் ஹெக்கர்ட்டும் ஷர்மரும் வெளியே. புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு பேர் மேலும் எந்தப் பற்றும் இல்லை. ரிச்சர்ட்சன் 17 ஆட்டம் ஆடியதும் இண்டியானாபோலிஸுக்கு விற்றார்கள்.

#13 ஏரிக்கரையான்

ரிச்சர்ட்சனை விற்றது சரியான முடிவு. அங்கே அந்த சீசனில் ஓட்டத்துக்கு 2.9 கெஜம்தான். உடைந்த விலா எலும்போடு முதல் வருடம் 950 கெஜம் ஓடியதை மதிக்கிறேன், ஆனால் 3.6 சராசரி. டேப்பிலேயே தெரிந்தது: லைன் திறந்து கொடுத்த இடைவெளி வலது பக்கம் இருக்க, இவர் தன் கார்டின் முதுகில் போய் மோதுவார். இது கோச் மாறியதால் வந்த கோளாறு இல்லை. அதே டிராஃப்டில் 9-ல் லைன்பேக்கர் லூக் கீக்லி இருந்தார்.

சரி, ரிச்சர்ட்சனுக்கு வந்த பிக் எங்கே போனது? 2014-ன் 26. அதோடு 83-ஐயும் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து 22-க்கு ஏறி ஜானி மான்செல். அதற்கு முன் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி ஒரு லட்சம் டாலர் செலவில் அணி ஆய்வு செய்தது என்றும், அதில் முதலிடம் டெடி பிரிட்ஜ்வாட்டருக்கு என்றும் அப்போதே ஈஎஸ்பிஎன்-ல் செய்தி வந்தது. அவர் 32ஆவது பிக் வரை யாரும் எடுக்காமல் இருந்தார். ரிச்சர்ட்சனை எடுத்த 2012-ன் 3ஆவது பிக், கடைசியில் மான்செலின் இரண்டு வருடத்து 8 ஸ்டார்ட், 2 வெற்றி என்று முடிந்தது.

#14 டேப்_பார்ப்பவர்

அந்த 2014 டிராஃப்ட்டை நடத்தியது யார் என்று பாருங்கள். அணி நிர்வாகத்தை நடத்திய பேனரும் லொம்பார்டியும் பிப்ரவரியில் நீக்கப்பட்டார்கள். மே 8-ல் டிராஃப்ட். இலையுதிர் காலம் முழுக்க கல்லூரி கல்லூரியாகப் போய் எழுதிய அறிக்கைகள் ஒரு மேலதிகாரிக்காக எழுதப்பட்டவை. அவற்றை வாசித்தவர் இன்னொருவர். அந்த இன்னொருவர், புது ஜெனரல் மேனேஜர் ரே ஃபார்மர், அடுத்த சீசனின் முதல் நான்கு ஆட்டத்துக்கு இடைநீக்கம் ஆனார், ஆட்டத்தின் நடுவே மேலிருந்து சைட்லைனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதற்காக. கோச்சும் ஜெனரல் மேனேஜரும் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கில்பர்ட் விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். அதே வருடம், டிராஃப்டிலேயே எடுக்கப்படாமல் வந்த கே'வான் வில்லியம்ஸ் அவரைத் தாண்டிக் களத்துக்குப் போனார். ஒரே கோச், ஒரே அறை, ஒரே பிளேபுக். அங்கே இடத்தைக் குறை சொல்ல முடியாது.

#15 டாக்பவுண்டு_பக்கம்

எனக்கு ஒரு கேள்வி. ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க. தாமஸ் 2007-ல 3-ல வந்தாரு. மேக் 2009-ல, 5-லிருந்து இறங்கி இறங்கி 21-ல வந்தாரு. ஷ்வார்ட்ஸ் 2012-ல 37-ல. பிட்டோனியோ 2014-ல 35-ல. நாலும் அருமையான தேர்வு. நாலு பேரும் நாலு வெவ்வேறு மேனேஜர் எடுத்தது. லைன்மேன் மட்டும் எப்படித் தப்பாம வந்தாங்க?

#16 ஏரிக்கரையான்

லைன் ஸ்கவுட்டிங் சரியாக நடந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். அப்படியானால் மற்ற இடங்களில் நடந்ததும் ஸ்கவுட்டிங் பிழைதான். அதே கட்டடம், அதே ஓனர், அதே கோச் மாற்றம். தாமஸுக்கு ஆறு ஹெட் கோச். அவர் பழுதாகவில்லையே?

#17 டேப்_பார்ப்பவர்

இடது டாக்கிளின் வேலை கோச் மாறினாலும் அதிகம் மாறாது. பின்வாங்கும் முதல் அடி, கையை உள்ளே வைக்கும் நேரம், எண்டை வெளியே தள்ளிக்கொண்டு போகும் கோணம். எந்த பிளேபுக்கிலும் அது அதுதான். குவார்ட்டர்பேக்குக்கு ஒவ்வொரு வருடமும் மொழியே மாறும். எண்டுக்கு நிற்கும் இடமே மாறும். எங்கே தொடர்ச்சி குறைவாகத் தேவையோ, அங்கே நம் தேர்வுகள் பிழைத்தன.

இதற்கு எதிர்ச்சான்றும் லைனிலேயே இருக்கிறது. கேமரன் எர்விங், 2015-ல் 19ஆவது பிக். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் டாக்கிள், கடைசியில் சென்டர். இங்கே முதல் வருடம் கார்டாக உள்ளே அனுப்பினார்கள். அடுத்த வருடம் மேக் போன இடத்தில் சென்டர். அந்த சீசன் முடிவதற்குள் வலது டாக்கிள். 2017 ஆகஸ்டில் கேன்சஸ் சிட்டிக்கு ஒரு ஐந்தாம் சுற்று பிக்குக்கு. இரண்டு வருடத்தில் மூன்று இடம், இரண்டு ஹெட் கோச். தாமஸை 2007-ல் இப்படி உருட்டியிருந்தால் 10,363 வந்திருக்காது.

#18 ஏரிக்கரையான்

எர்விங் கேன்சஸ் சிட்டியிலும் அதற்குப் பிறகு போன அணிகளிலும் முழுநேர ஸ்டார்ட்டராக நிலைக்கவில்லை. ஆண்டி ரீட் கையில் போயும் நிலைக்கவில்லை. 19-ல் எடுக்க வேண்டிய ஆள் இல்லை அவர். நாளை மிங்கோவை எடுத்துக்கொள்வோம்: நியூ இங்கிலாந்து, இண்டியானாபோலிஸ், சியாட்டில் மூன்றிலும் ஆடினார், எங்கேயாவது 6ஆவது பிக்குக்கு உரிய சாக் கணக்கு வந்ததா என்று வருடவாரியாகப் போடுங்கள். ஷியர்ட் கணக்கையும் பக்கத்தில் போடுங்கள். இடம்தான் குறை என்றால் இரண்டு பேரும் வெளியே போய் ஒரே மாதிரி எழுந்திருக்க வேண்டும்.